அளவு ஜாக்கெட்டும் பேர்ப்பலகையும்

துணிக்கடை வைப்பதைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று சில தோழர்கள் நினைக்கலாம். நிலம், கூலி, சுடுகாட்டுப் பாதை, வன்கொடுமை வழக்கு என்று ஆயிரம் கிடக்கும்போது ஃபேஷனாம், டிசைனர் ரவிக்கையாம் என்று சிரிக்கவும் செய்யலாம். சிரிக்கட்டும். ஆனால் இந்த நாட்டில் நமக்கு எதிராகப் போட்ட தடைகளை எல்லாம் எடுத்து எழுதிப் பார்த்தால் துணியைப் பற்றிய தடைதான் பக்கம் பக்கமாக வரும்.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆம்பிளைங்க முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி கட்டக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பொம்பளைங்க ரவிக்கை, தாவணி போட்டு மேலை மூடக் கூடாது. பூ, மஞ்சள் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்பு கூடாது. எட்டில் மண்பாண்டத்தை எடுத்துவிட்டால் மிச்சம் ஏழும் நம் உடம்பின் மேல் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்பதைப் பற்றியதுதான். மீறினவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம் தடைகள் பதினொன்றாகக் கூடின.

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2012 நவம்பர் 7 அன்று எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 200க்கும் மேற்பட்ட நம் வீடுகளைக் கொளுத்தினார்கள். சாதி தாண்டிய ஒரு கல்யாணம் காரணம் என்றார்கள். அந்த வீடுகளில் எரிந்தது என்ன? பெங்களூரும் திருப்பூரும் போய்ச் சம்பாதித்து வாங்கி வைத்த பீரோ, டிவி, மோட்டார் சைக்கிள், பிள்ளைகளின் சர்ட்டிபிகேட், புதுத்துணி. அதற்குச் சில வாரங்கள் கழித்து, நம் பையன்கள் ஜீன்ஸ் பேண்ட்டும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பேசியது பத்திரிகைகளில் வந்தது. 1930இல் இடுப்புக்கு மேல் துணி கூடாது என்றவர்களுக்கும் 2012இல் ஜீன்ஸைக் கண்டு கொதித்தவர்களுக்கும் நடுவே 82 வருஷம் இருக்கிறது. கல்யாணம் செய்துகொண்ட இளவரசன் 2013 ஜூலை 4 அன்று தர்மபுரி அரசுக் கலைக் கல்லூரிக்குப் பின்னால் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். அவனுக்கு 19 வயது.

ஜீன்ஸ் என்ன பெரிய ராஜா வீட்டுத் துணியா? அமெரிக்காவில் நெவாடா பக்கம் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரிடம் ஒரு விறகுவெட்டியின் பெண்டாட்டி வந்து, என் வீட்டுக்காரருக்குக் கிழியாத பேண்ட் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அவர் பாக்கெட் முனைகளில் செம்பு ஆணி அடித்துக் கொடுத்தார். துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். கூலிக்காரன் துணி அது. கூலிக்காரன் பிள்ளை போட்டால் ஏன் எரிகிறது என்று யாராவது அவர்களைக் கேட்டுச் சொல்லலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா மகள் பொம்மிடியில் ஒரு தையல் கடை போட்டிருக்கிறாள். தையல் கடை என்றால் அவளுக்குக் கோபம் வரும். 'பொட்டிக்' என்று சொல்ல வேண்டும். ஏழு வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் உட்கார்ந்தவள். எங்கள் ஸ்டேஷனைத் தாண்டிப் போகிற அதே தண்டவாளம்தான் சேலம், ஈரோடு வழியாகத் திருப்பூர் போகிறது. எங்கள் சனத்தில் பாதிப் பேருக்கு அந்த ரயில்தான் சோறு போட்டது. நானும் பதினோரு வருஷம் அங்கே கட்டிங் மேஜையில் நின்றவன்தான். 2020இல் கொரோனாவுக்குக் கம்பெனியை மூடினபோது பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் திரும்பிப் போகவில்லை. சேலத்துக்குப் போய் ஆரி ஒர்க் கற்றுக்கொண்டு வந்தாள்.

ஆரி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். துணியை ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி போல வளைந்த ஊசியால் மேலிருந்து குத்தி, கீழே இருக்கிற நூலை இழுத்து இழுத்து மணியும் சமிக்கியும் ஜரிகையும் பதிக்கிற வேலை. கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்கு இது இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது. கையிலும் முதுகிலும் மயிலும் யானையும் பல்லக்கும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. புடவைக்குக் கொடுத்த காசைவிட ரவிக்கைக்குக் கொடுக்கிற காசு அதிகமாகப் போகிற கல்யாணங்களை நானே பார்த்தேன். சுற்றுப்பட்டுக் கிராமத்து ஆட்கள் இதற்காக சேலத்துக்கும் தர்மபுரிக்கும் ஓடுகிறார்கள், நாம் இங்கேயே செய்தால் என்ன என்பதுதான் அவள் கணக்கு. நல்ல கணக்கு. ரெண்டு பழைய மிஷின், ஒரு ஓவர்லாக், ஆரிச் சட்டம் மூணு, தெருப் பெண்கள் ரெண்டு பேர். லைனிங் துணி, நூல், மணி எல்லாம் மொத்தமாக வாங்கிவந்து ஆரம்பித்துவிடலாம்.

பணம்? அரசாங்கத்தில் திட்டம் இருக்கிறது. 2023இல் தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பேரில் தொழில் முன்னோடிகள் திட்டம் கொண்டுவந்தது. பட்டியல் சாதி, பழங்குடியினர் தொழில் தொடங்கினால் திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம், வட்டியில் 6 சதவீதம் சலுகை. மாவட்டத் தொழில் மையத்தில் மனு போட வேண்டும். சாதிச் சான்றிதழ் கேட்கிறார்கள், சரி, அதற்குத்தானே திட்டம். கடை வாடகை ஒப்பந்தமும் கேட்கிறார்கள். இங்கேதான் முடிச்சு விழுகிறது. கடைத்தெருவில் நமக்கு ஏது கட்டடம்? காலனிக்குள் போட்டால் கல்யாண ரவிக்கை கொடுக்க எவள் வருவாள்? வாடகைக்குக் கேட்டுப் போன இடத்தில் கட்டடக்காரர் தெளிவாகக் கேட்டார், "எந்தப் பக்கம்மா நீங்க?" ஊரில் இந்தக் கேள்விக்குத் திசை அர்த்தம் கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு காகிதத்துக்காகச் சாதியைக் காட்ட வேண்டும். இன்னொரு காகிதத்துக்காக அதையே மறைக்க வேண்டும். ரெண்டு காகிதமும் ஒரே கோப்பில் இருந்தால்தான் கடன்.

மூன்றாவது இடத்தில் கிடைத்தது. கட்டடக்காரர் எதுவும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்தே கேட்காமல் விட்டாரா, தெரியாதா என்று இன்று வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. அட்வான்ஸ் கொடுத்த அன்றைக்குத்தான் அவள் என்னிடம் கேட்டாள், "மாமா, பேர்ப்பலகைல என்னா எழுதறது? நம்ம யாருன்னு தெரியற மாதிரி எழுதவா, தெரியாத மாதிரி எழுதவா? தெரியாத மாதிரி எழுதினா அது பொய்யா?"

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் என் அப்பா. அவருடைய காலத்தில் சட்டை தைக்கப் போனால் தையல்காரர் டேப்பைத் தரையில் போடுவாராம். அப்பாவே எடுத்துத் தன் நெஞ்சை, தோளை, கையை அளந்து, நம்பர் தெரியாததால் டேப்பில் விரலை வைத்துக் காட்ட வேண்டும். அவர் தூரத்திலிருந்து பார்த்து எழுதிக்கொள்வார். காசை மட்டும் கையில் வாங்குவார். அப்பா சாகும்வரை அவர் சட்டை எதுவும் அவருக்குச் சரியாக இருந்ததில்லை. தோள் தொங்கும், கழுத்து இறுக்கும். கட்டிங் மேஜைக்குப் போன பிறகுதான் எனக்கு அதன் காரணம் தெரிந்தது. ஒரு ஆள் தன்னைத்தானே முதுகு அளக்க முடியாது.

தையலில் முதல் வேலை தொடுவது. திருப்பூரில் இந்தச் சிக்கல் கிடையாது. நான் வெட்டின பனியனை எந்த ஊர்க்காரன் போட்டான் என்று எனக்குத் தெரியாது, அவனுக்கு என்னைத் தெரியாது. நடுவே லேபிள் இருக்கிறது. பொம்மிடியில் லேபிள் கிடையாது, டேப்தான் இருக்கிறது. அக்கா மகள் ஒரு கவுண்டர் வீட்டுப் பெண்ணின் கழுத்தைச் சுற்றி, மார்பைச் சுற்றி, கைக்குழியைச் சுற்றி டேப்பைப் போட வேண்டும். சாதி எந்த உடம்பைக் காப்பாற்றுவதாகச் சொல்லி வீடுகளை எரித்ததோ அந்த உடம்பு. இதற்கு ஊரில் ஒரு வழியும் இருக்கிறது. 'அளவு ஜாக்கெட்' என்று பழைய ரவிக்கை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, இதே மாதிரி தைத்துக் கொடு என்று சொல்லிவிட்டுப் போவது. தமிழ்நாடு முழுக்க உள்ள பழக்கம்தான். நேரம் மிச்சம். ஆனால் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கும்போது, "வேணாம்மா, அளவு ஜாக்கெட் கொண்டாந்திருக்கேன்" என்று ஒரு அம்மா பையைத் திறந்தால், அது வசதிக்கா, தீட்டுக்கா? அந்த அம்மாவே நேர்மையாகச் சொல்லிவிட முடியுமா என்பதும் சந்தேகம். சாதி இப்போதெல்லாம் இப்படித்தான், கண்ணுக்குத் தெரிகிற காரணம் ஒன்றின் முதுகில் ஏறிக்கொண்டு வருகிறது.

சரி, பொய்யா? பொய் என்றால் என்ன? கேட்கிறவருக்கு உரிமையுள்ள ஒரு உண்மையை மறைப்பதுதான் பொய். ரவிக்கை தைக்கக் கொடுக்கிறவருக்கு என்ன உரிமை? லைனிங் சாயம் போகுமா, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கிடைக்குமா, மணி உதிருமா, மிச்சத் துணி திரும்பி வருமா. இதில் ஒன்றை மறைத்தால் அவள் பொய்க்காரி. அவள் எந்தத் தெருவில் பிறந்தாள் என்பது அந்த ரவிக்கையில் எங்கே இருக்கிறது? அதைக் கேட்கிறவருக்கு உரிமையே இல்லாதபோது சொல்லாமல் இருப்பவள் எதையும் திருடவில்லை. நம்மில் சிலர் இங்கே கோபப்படுவார்கள் என்று தெரியும். அடையாளத்தை மறைப்பது கோழைத்தனம், சரணாகதி என்பார்கள். மேடையில் சொல்ல நன்றாக இருக்கும். மேடை முடிந்து அவர்கள் ஏறிப்போகிற பஸ்ஸுக்கு வாடகை ஒப்பந்தம் தேவையில்லை.

அம்பேத்கரே இதை அனுபவித்தவர்தான். அமெரிக்காவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்து வந்தவர், பரோடா வேலையைவிட்டு பம்பாய் வந்த பிறகு பங்கு முதலீட்டுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு தொழில் தொடங்கினார். ஆட்கள் வந்தார்கள். அவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வருவது நின்றது, தொழிலும் நின்றது. பணத்தை எங்கே போடுவது என்ற ஆலோசனையில்கூடத் தீட்டு ஒட்டும்போலிருக்கிறது. அதே அம்பேத்கர் 1927 டிசம்பரில் மகாடில், மனுஸ்மிருதியை எரித்த அந்த மாநாட்டை ஒட்டிப் பெண்களிடம் பேசினார். இன்ன சாதி என்று பார்த்த உடனே காட்டிக்கொடுக்கிற மாதிரி முழங்காலுக்கு ஏற்றிப் புடவை கட்டுவதையும், கனத்த காப்பும் மாலையுமாகப் போட்டுக்கொள்வதையும் விடுங்கள், மேல்சாதிப் பெண்கள் கட்டுகிற மாதிரி கட்டுங்கள் என்றார். அங்கேயே பெண்கள் மாற்றிக் கட்டிக்கொண்டார்கள். உங்கள் அடையாளத்தை மறைக்கிறீர்களே என்று அவர் அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. அந்த அடையாளத்தை உடம்பில் எழுதினவன் யாரோ, அழிக்கிற உரிமை மட்டும் நம்முடையது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இதற்கு நேர் எதிரான வழியும் நம்முடையதுதான். 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கி அதற்குப் 'பறையன்' என்று பேர் வைத்தார். எந்தச் சொல்லைச் சொல்லித் துரத்தினார்களோ அந்தச் சொல்லை முகப்பில் அச்சடித்துக் கையில் கொடுத்தார். அந்தப் பேரிலேயே நின்று உரிமை கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. அயோத்திதாச பண்டிதருக்கு இது ஒப்பவில்லை. அது எதிரிகள் வைத்த பேர், நாம் ஏன் சுமக்க வேண்டும் என்றார். சாதிபேதமற்ற திராவிடர் என்று சொல்லச் சொன்னார். 1907இல் தன் பத்திரிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பேர் வைத்தார். பொம்மிடியில் ஒரு பெண் பேர்ப்பலகை எழுதுகிறவர் முன்னால் நின்று யோசிப்பதும் அந்த வழக்கைத்தான். இன்னும் தீர்ப்பு வரவில்லை.

சாதிப் பேர் பலகையில் இருப்பது நமக்கு மட்டும்தான் பிரச்னை என்பதையும் சொல்ல வேண்டும். ஐயங்கார் பேக்கரி என்று எழுதினால் கேக் சுத்தமாகிவிடுகிறது. ஐயர் மெஸ், செட்டியார் மளிகை, நாடார் ஸ்டோர் எல்லாம் பார்த்திருக்கிறோம். அங்கே பேர் என்பது முதல் போடாமல் வந்த மூலதனம். நமக்கு அதே பேர் வட்டி கட்டியும் தீராத கடன்.

அந்தக் கடனை மூலதனமாக்க ஒருவர் முயன்றிருக்கிறார். மும்பையில் சுதீர் ராஜ்பர் என்ற கலைஞர். 2015இல் மகாராஷ்டிரத்தில் மாடு வெட்டத் தடை வந்து, தாராவியில் தோல் வேலை செய்த நம் ஆட்களுக்கு வேலை போயிற்று. அவர்களோடு சேர்ந்து, தோலுக்குப் பதில் பழைய டயர் டியூப் ரப்பரை மறுபடி பதப்படுத்திப் பைகள் செய்தார். 2017, 18 வாக்கில் ஆரம்பித்த அந்த நிறுவனத்துக்கு வைத்த பேர் 'சமார் ஸ்டுடியோ'. அவர் பிறப்பால் சமார் அல்ல. ராஜ்பர் சமூகம். அவர்கள் பக்கம் 'பர்' என்பதும் வசவுதான், 'சமார்' என்பதும் வசவுதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். 2024 டிசம்பரில் மயாமியில் நடந்த வடிவமைப்புக் கண்காட்சிக்கு அவர்கள் செய்த நாற்காலிகள் போயின. பாடகி ரிஹானா அதில் ஒன்றில் உட்கார்ந்திருக்கிற படம் உலகம் சுற்றியது.

படம் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல என்ன கூச்சம்? 2008இல் உச்சநீதிமன்றம் ஸ்வரன் சிங் வழக்கில், ஒருவரை அவமானப்படுத்தும் நோக்கத்தோடு பொது இடத்தில் சமார் என்று கூப்பிட்டால் அது வன்கொடுமைச் சட்டப்படி குற்றம் என்றது. அதே சொல் ஒரு பையின் மேல் பேராக இருந்து ஆயிரக்கணக்கில் விலை போகிறது. ஆனால் அக்கா மகள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டாள். "மாமா, அது மயாமில விக்குது. சமார் சனம் இருக்கற கிராமத்துல அதே பேர்ல கடை வெச்சா போணி ஆவுமா?" ஆகாது. வசவுக்கு விலை கிடைக்க வேண்டுமானால், அந்தச் சொல் வசவு என்று காதில் விழாத தூரத்தில் விற்க வேண்டும். பொம்மிடிக்கு அந்தத் தூரம் இல்லை.

தூரம் இருந்தாலும் விஷயம் முடிந்துவிடுவதில்லை. 2025 ஜூனில் மிலான் நகரத்தில் பிராடா கம்பெனி ஆண்கள் ஃபேஷன் காட்சி நடத்தியது. மாடல்கள் காலில் நம் கோலாப்பூர் செருப்பு. வெறும் தோல் செருப்பு என்று போட்டிருந்தார்கள். கூச்சல் எழுந்தது. 2019இலேயே அந்தச் செருப்புக்குப் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று, இது இந்தியாவின் பாரம்பரியம், மராட்டியத்தின் பெருமை என்றார்கள். கம்பெனி ஒப்புக்கொண்டது. அந்த டிசம்பரில் மகாராஷ்டிர, கர்நாடகத் தோல் வாரியங்களோடு ஒப்பந்தம் போட்டு, 2,000 ஜோடி இங்கேயே செய்து, ஒரு ஜோடி சுமார் 800 யூரோவுக்கு விற்பதாக அறிவித்தது. எண்ணூறு யூரோ! நல்லதுதான், தைக்கிறவன் வீட்டுக்கு அதில் எவ்வளவு வருகிறது என்பதைப் பிறகு பார்ப்போம். ஆனால் அந்தக் கூச்சலில் பாரம்பரியம் பாரம்பரியம் என்று எத்தனை தரம் கேட்டோம்! அந்தத் தோலை உரித்தவன் யார், பதப்படுத்தினவன் யார், தைத்தவன் எந்தச் சாதி என்று சொன்னவர்கள் எத்தனை பேர்? செருப்புத் தைக்கிற நம் ஆட்களே ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த நாடு இது. பெருமை தேசத்துடையது, நாற்றம் மட்டும் எங்களுடையதா?

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. திருப்பூரில் எனக்குத் தெரிந்த ஒருவர். நம்ம ஆள். கஷ்டப்பட்டு மேலே வந்தார், வேறொரு ஊரில் சொந்தமாக ரெடிமேட் கடை வைத்தார். சாதியை மாற்றிச் சொல்லிக் கட்டடம் பிடித்தார். அதுவரைக்கும்கூட நான் குறை சொல்ல மாட்டேன், கேட்டவன் கேட்ட லட்சணத்துக்கு அந்தப் பதில் போதும். ஆனால் சொன்னதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஊரிலிருந்து அவருடைய அம்மா வந்தால் பின்பக்கமாக வருவார். மூக்குத்தியும் காதுத் துளையும் பேச்சும் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். ஒரு நாள் யாரோ கேட்டபோது, வீட்டு வேலை செய்கிற அம்மா என்று சொல்லிவிட்டார். அந்தம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தாராம். பேரைச் சொல்லாமல் இருப்பதற்கும் ஆளை மறைப்பதற்கும் நடுவேதான் கோடு இருக்கிறது என்று எனக்கு அப்போது பட்டது. என் பேரை நான் சொல்லாமல் இருக்கலாம். என் அம்மாவை நான் ஒளித்து வைக்க எனக்கு உரிமை கிடையாது.

இந்தக் கோட்டைப் பெரிய கம்பெனிகளுக்கும் போட்டுப் பார்க்கலாம். மிலானில் நடந்தது இதன் மறுபக்கம்தான். பேரைப் பெரிதாகக் காட்டி ஆளை ஒளித்தார்கள். ஆயத்த ஆடைத் தொழிலே ஆளை ஒளிப்பதில் நடக்கிற தொழில். லேபிளில் நாடு இருக்கும், சைஸ் இருக்கும், எப்படித் துவைப்பது என்று இருக்கும். தைத்தவள் இருக்க மாட்டாள். திண்டுக்கல் பக்கம் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த நம் பெண் ஜெயஸ்ரீ கதிரவேல் 2021 ஜனவரியில் அவளுடைய மேற்பார்வையாளனால் கொல்லப்பட்டாள். அவளுக்கு 20 வயது. அதற்குப் பிறகு, தலித் பெண்கள் முன்நின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸையும் எச் அண்ட் எம் கம்பெனியையும் ஒரு ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தது. பாலியல் தொல்லையைத் தட்டிக்கேட்கத் தொழிலாளிகளே கண்காணிப்பாளராக இருக்கும் ஏற்பாடு அதில் உண்டு. திண்டுக்கல் ஒப்பந்தம் என்கிறார்கள். ஒரு பெண்ணின் பேர் லேபிளின் முதலாளிக்குத் தெரிய அவள் சாக வேண்டியிருந்தது.

அதனால் அக்கா மகளிடம் நான் சொன்னது இதுதான். பலகையில் என்ன வேண்டுமானாலும் எழுது. பொய்யான சாதிப் பேர் மட்டும் வேண்டாம், அதைக் காப்பாற்ற உன் ஆயுசு போதாது. யாராவது நேரே கேட்டால், "எதுக்குக் கேக்கறீங்க, ரவிக்கை நல்லா இருக்குதா இல்லியா?" என்று திருப்பிக் கேள். பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். ஆனால் உன் அம்மா கடைக்கு முன்வாசல் வழியாக வரணும், உன்கிட்ட வேலை செய்யற பொண்ணுங்க முன்னால உட்காரணும். இதற்காக நாலு ஆர்டர் போனால் போகட்டும் என்று நான் சொன்னபோது அவள் சிரித்தாள். "நாலு ஆர்டர்னா ஒரு மாச வாடகை மாமா" என்றாள். அவள் சொல்வதும் சரிதான். அறம் பேசுகிறவன் வாடகை கட்டுவதில்லை.

பலகையில் தன் பேரின் முதல் எழுத்துகளைப் போட்டு 'டிசைனர் பிளவுஸ்' என்று எழுதிக்கொண்டாள். முதல் வருஷம் இழுத்துப் பறித்துப் போயிற்று. அளவு ஜாக்கெட் கொண்டுவந்தவர்கள் அதிகம், டேப்புக்கு நின்றவர்கள் கம்மி. ஆனால் ஆரி வேலைக்கு ஒரு சங்கடம் உண்டு. பின்கழுத்து டிசைனும் கை டிசைனும் சரியாக உட்கார வேண்டுமானால் பழைய ரவிக்கை உதவாது, ஆளை அளந்தே ஆக வேண்டும். கல்யாணப் பெண்கள் நின்றார்கள். பிள்ளைகளுக்கு அவ்வளவு யோசனை இல்லை, அழகாக வந்தால் சரி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள்தான் அக்கா மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா டேப் போட்ட பிறகு மகளைக் குளிக்கச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. ரவிக்கைக்கு முழுக் காசும் கொடுத்தார், தங்கச்சிக்கும் ஆர்டர் கொடுத்தார்.

ரெண்டாவது வருஷம் அவளே ஒரு காரியம் செய்தாள். நான் சொல்லவில்லை. ரவிக்கையின் உள்பக்கம், லேபிள் தைக்கிற இடத்தில், ஆரி வேலை செய்த பெண்ணின் பேரைச் சின்னதாக நூலில் தைக்க ஆரம்பித்தாள். அவள் கடையில் இப்போது மூணு பேர், மூணு பேரும் நம் தெரு. "அவங்க கண்ணு போற வேலை மாமா, பேராவது இருக்கட்டும்" என்றாள். வந்தவர்களுக்கு அது பிடித்துப் போயிற்று. அந்தப் பொண்ணு கையாலேயே வேணும் என்று பேர் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். அதில் ஒருத்திக்கு இப்போது தனியாக ஆர்டர் வருகிறது. கூலி கூட்டிக் கேட்கிறாள். அக்கா மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னிடம் வந்து முறையிடுகிறாள். கொடு என்றுதான் சொல்லியிருக்கிறேன். பேரைத் தைத்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பேருக்கு வருகிற காசை நீ வைத்துக்கொண்டால் பிராடாவுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? கோபித்துக்கொண்டு போனவள் மறுவாரம் பீஸ் ரேட்டை ஏற்றிவிட்டாள் என்று கேள்வி.

போன மாசம் ரவிக்கை வாங்கிப்போன ஒரு பெண்மணி மறுநாள் திரும்பி வந்தார். உள்ளே தைத்திருந்த பேரைக் காட்டி, "இந்தப் பொண்ணு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். பேருக்குச் சொந்தக்காரி அங்கேயேதான் சட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊசியை நிறுத்தாமல், "நான்தாங்க அது. ஏன், மணி ஏதாவது உதிர்ந்துடுச்சா?" என்றாள். மணி எதுவும் உதிரவில்லை. அந்தப் பெண்மணி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பையிலிருந்து இன்னொரு துணியை எடுத்து மேஜை மேல் வைத்தார், கூடவே அளவு ஜாக்கெட்டையும் வைத்தார். கைக்கு மட்டும் டிசைன் போதும், ஆவணி இருபதுக்குள் வேண்டும் என்றார்.